மிச்ச மின்சாரமும் ஒரு ராட்டினமும்

நடந்தது இவ்வளவுதான்:

1. காஞ்சிபுரத்துக்கு இன்னும் எவ்வளவு மின்சாரம் கூடுதலாகக் கொண்டுவரலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன்.
2. அந்தக் கணக்கின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை.
3. அதை நம்பி ஊரில் ஒரு பொருட்காட்சி திறந்தார்கள்.
4. ஊர் மொத்தமும் இருண்டது.
5. அந்த நேரத்தில் என் மேலதிகாரி, மனைவியோடு, ராட்டினத்தின் உச்சியில் இருந்தார்.
6. அவர் மேலேயிருந்து என்னிடம் கேட்ட கேள்விக்கு, கீழேயிருந்து என் அம்மா விளக்கம் சொன்னார்.

நான்காவதை ஊர் மறந்துவிட்டது. (மின்வெட்டுக் காலம். இருட்டு யாருக்கும் புதிதில்லை.) ஐந்தாவதைத் தான் மறந்துவிட்டதாக மேலதிகாரி சொல்கிறார். ஆறாவதை ஒருவரும் மறக்கவில்லை. மறக்க என் அம்மா விடுவதும் இல்லை.

படித்தவர்கள் சாதாரணமாகத் தவறு செய்வதில்லை என்பது என் அனுபவம். தவறைக்கூட மூன்று தசம ஸ்தானம் வரை திருத்தமாகச் செய்வார்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

சென்னையில் மின்பொறியியல் படித்து முடித்து, சொந்த ஊரிலேயே வேலை கிடைத்து வந்தபோது, அந்த அலுவலகத்தில் நான்தான் முதல் பெண் இன்ஜினீயர். என்னை எங்கே உட்காரவைப்பது என்று முதல் நாள் முழுக்க ஆலோசனை செய்தார்கள். கடைசியில் பீரோவுக்குப் பின்னால் ஒரு மேஜை போட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் பீரோவைப் பார்த்துப் பேசுவார்கள், பீரோ பதில் சொல்லும்.

மேலதிகாரி நாகராஜன் சார் மதுரைப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கென்றே ஒரு விதி செய்து வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் நான் சப்-ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகக்கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் துணைக்கு வரவேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி இது.

ஊர் மின்சாரத்தை அதிகமாக இழுப்பதே மாலையில்தான். மாலையில் சப்-ஸ்டேஷனுக்குப் போகக்கூடாத மின் இன்ஜினீயர் என்பது, சமையல்கட்டுக்குள் வரக்கூடாத சமையல்காரர் மாதிரி. இதை அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். மரியாதையாக மறுபடியும் சொன்னேன். "எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

இப்படி இருக்கையில்தான் ஊரில் பட்டுப் பொருட்காட்சி நடத்த ஒரு கமிட்டி கிளம்பியது. கமிட்டியின் செயலாளர் சேலைக்கடைக்காரர். வெற்றிலை போட்ட வாயோடு அலுவலகத்துக்கு வந்து, "எவ்ளோ கரண்டு எக்ஸ்ட்ரா குடுப்பீங்க சார்?" என்று கேட்டார். கொத்துமல்லி கொசுறு கேட்கிற குரல் அது.

சார் பீரோவைப் பார்த்துக் கூப்பிட்டார். "வசந்தா, இது உன் வேலை. ஊருக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடு. சரியா வந்துச்சுன்னா அந்தச் சாயங்கால விதியைப் பத்தி யோசிப்போம்."

"தப்பா வந்தா சார்?"

"மெட்ராஸ்ல டிராயிங் செக்‌ஷன்ல ஒரு இடம் காலியா இருக்கு. உக்காந்த வேலை. ஃபேன்கூட உண்டு."

சொந்த ஊரில், சொந்த லைன்களோடு இருப்பதா, மெட்ராஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கோடு போடுவதா என்பது இந்த ஒரு கணக்கில் நின்றது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. கொஞ்சம் குறைவாக.)

கணக்கு கேட்பதற்குப் பயமுறுத்தும், உண்மையில் எளியது. காஞ்சிபுரத்துக்கு மின்சாரம் கொண்டுவர இரண்டு லைன்கள். அவற்றை ஸ்ரீபெரும்புதூர் போகும் இரண்டு பஸ்களாக நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் எத்தனை பேரைத் தாங்கும் என்பது முதல் எண். ஏற்கெனவே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. ஒரு பஸ் வழியில் படுத்துவிட்டால் அதன் ஜனங்களையும் அடுத்த பஸ் ஏற்றிக்கொள்ள வேண்டுமே, அதற்கு எவ்வளவு இடம் காலியாக விட்டுவைப்பது என்பது மூன்றாவது. முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் கொடுக்கக்கூடிய கூடுதல்.

முதல் எண்ணை நான் போட்டிருக்கும் அழகைப் பார்த்தால் யாருக்கும் கண் பட்டுவிடும். கம்பியின் கனம், சித்திரை வெயில், காற்றின் வேகம், சூட்டில் கம்பி எவ்வளவு தொய்யும், பாலாற்றுப் பக்கம் தொய்ந்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடவில்லை. கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை வைத்துக்கொண்டு விரல் சிவக்கத் தள்ளினேன். மூன்றாவது எண்ணும் அதே சிரத்தையோடு. நடுவிலிருந்த இரண்டாவது எண்ணுக்குச் சிரத்தை தேவையில்லை. அதைப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

பழைய பதிவுகளைப் புரட்டினேன். மாதக்கணக்கில் தினமும், எல்லா மணிக்கும், ஒரே எண். சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் முனுசாமி அண்ணனைப் போனில் கேட்டேன்.

"மீட்டர் முள்ளு சிக்கிக்கிச்சு இன்ஜினீரம்மா. அது காட்றத நான் எய்திக்கினு இருக்கேன். நானா ஒண்ணு எய்தினா பொய் ஆயிடும்ல?"

அவருடைய நேர்மையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டை போட்டுப் புது மீட்டர் வாங்கிப் பொருத்தவைத்தேன். இனி ஒரு மாலை நேரத்தில் நானே போய்ப் பார்க்க வேண்டும். துணைக்குப் பெரியவர் வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெரியவர் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். வைகாசி முகூர்த்தங்கள் வருகிற நேரம். திங்கட்கிழமை கேட்டேன்.

"இன்னாமா நீ, கல்யாணப் பொடவ தறியில நிக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க தெனம் வந்து எட்டிப் பாத்துக்கினு இருக்காங்க. நான் எய்ந்து வந்தா இன்னா ஆவறது?"

செவ்வாய் கேட்டேன். அதே பதில். புதன் கேட்டேன். தறிக் குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் தூக்கி, "நாளைக்கு வரேன், போதுமா? ஆள வுடு" என்றார்.

வியாழக்கிழமை மாலை, சொன்னபடி தயாராக நின்றார். தலைமுழுகி, நெற்றி நிறைய விபூதி பூசி, சலவை வேட்டி கட்டியிருந்தார். என் வேலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். அம்மா ஒரு தூக்கில் வடை போட்டுக் கொடுத்தார். தெருவில் தறிச் சத்தமே இல்லை. அப்பாடா, இன்றைக்காவது காது நிம்மதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். (நினைத்ததோடு சரி. ஏன் என்று யோசிக்கவில்லை.)

அப்பா சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் கேரியரில் ஸ்லைடு ரூலையும் வடையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அரசாங்க வேலையாக ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்தேன்.

முனுசாமி அண்ணன் மீட்டரைத் துடைத்து வைத்திருந்தார். "பாருங்க, முள்ளு ஜம்முனு படுத்துக்கினு இருக்குது. புது மீட்டர் இல்ல? பதவிசா நடந்துக்குது."

பார்த்தேன். நான் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. தட்டிப் பார்த்தேன். நகரவில்லை. இன்னொரு மீட்டரை வைத்துச் சரிபார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

"இவ்வளவு குறைச்சலா?" என்றேன்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "நம்ம ஊரு ஜனங்க சிக்கனம்மா. ஒரு பல்பு வீணா எரிய வுடமாட்டாங்க."

வீட்டில் தன் இரண்டு தறிக்கு மேலேயும் தொங்குகிற பல்புகளைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு வந்த மனிதர் சொல்கிறார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்த மகள் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறேன். ஒரு கையால் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இன்னொரு கையில் வடை. அந்த வடையாவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கழித்துப் பார்த்தபோது மிச்சம் மலைபோல் வந்தது. நாகராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவா?"

"மூணு தசம ஸ்தானம் வரைக்கும் போட்டிருக்கேன் சார்."

அந்த வார்த்தையில் அவர் தாராளமானார். மாலையில் ஓடக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்த அரிசி மில்களுக்கும் பட்டு நூல் முறுக்கும் பெரிய பட்டறைகளுக்கும், பொருட்காட்சி திறக்கும் நாளிலிருந்து மாலையிலும் ஓட அனுமதி கொடுத்தார். செயலாளர் அதைக் கேள்விப்பட்டுத் தினமும் வர ஆரம்பித்தார்.

"ஒரு ராட்டினம் போட்டுக்கலாமாமா?"

கணக்குப் பார்த்து, "தாங்கும்" என்றேன்.

மறுநாள்: "வாசல்ல சீரியல் லைட்ல ஒரு மயிலு. தோகை விரிச்ச மாதிரி."

"தாங்கும்."

"தோகை விரிச்சா மட்டும் போதுமா? மூடித் தொறக்கணும்ல?"

"அதுவும் தாங்கும். போய் வாங்க." அந்த மயிலைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்டால் வேலையை ராஜினாமா செய்துவிடலாம் என்ற நிலையில் இருந்தேன்.

பொருட்காட்சியை ஒரு வெள்ளிக்கிழமை மாலை திறந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அப்பா, "தொறந்தவுடனே போயி வுட்ட எடத்துலர்ந்து புடிக்கணும்" என்று தறி விளக்கை எரியவிட்டபடியே வந்தார். மைக்கில் நாகராஜன் சார் பேசினார். "இன்னிக்கு இங்கே நீங்க பாக்கிற வெளிச்சம் அத்தனையும் எங்க வசந்தாவோட கணக்கு!" ஊர் திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். மயில் தோகையை விரித்தது, மூடியது, மறுபடி விரித்தது. பீரோவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு இவ்வளவு வெளிச்சம் தாங்கவில்லை. டிராயிங் செக்‌ஷன் ஃபேன் வேறு யாருக்கோ சுற்றட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாருக்கு உற்சாகம். மனைவியை அழைத்துக்கொண்டு ராட்டினத்தில் ஏறினார். அவருடைய தொட்டில் உச்சிக்குப் போய்ச் சேரவும் மயிலின் தோகை மூடவும் சரியாக இருந்தது. அது மறுபடி விரியவில்லை.

முதலில் பொருட்காட்சி இருண்டது. பிறகு தெரு. பிறகு ஊர். கோபுரத்து விளக்குகூட இல்லை. லைன்களில் ஒன்று பாரம் தாங்காமல் விலகிக்கொண்டது. அதன் பாரமும் தன் தலையில் விழுந்ததும் இரண்டாவதும் விலகிக்கொண்டது. படுத்த பஸ்ஸின் ஜனங்களுக்கு நான் விட்டுவைத்திருந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் பறந்தது. யாரோ "கணக்கு! கணக்கு!" என்று கத்தினார்கள். பௌர்ணமி நிலா அப்போதுதான் கிளம்பியிருந்தது. அதனால் உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சாரை எல்லாருமே பார்க்க முடிந்தது. ராட்டினக்காரர், இருட்டில் கையால் சுற்றி ஆள் இறக்கமாட்டேன், விழுந்தால் யார் பொறுப்பு என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வசந்தா!" மேலேயிருந்து குரல் வந்தது.

"சார்!"

"என்னம்மா ஆச்சு?"

"ரெண்டு லைனும் போயிடுச்சு சார்!"

"மிச்சம் இருக்குன்னு சொன்னியே!"

"இருந்துச்சு சார்!"

"ஊர்ல ஏற்கெனவே ஓடுற லோடு, அதை எந்த நாள்ல பாத்தே?"

"ரெண்டு வாரம் முன்னாடி, வியாழக்கிழமை சார்!"

அவர் அடுத்ததைக் கேட்பதற்குள், என்னைக் காப்பாற்றுவதற்காக, என் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார்! எம் பொண்ண கோச்சுக்காதீங்க சார்! அமாவாச அன்னிக்குக்கூட வேலைக்குப் போச்சு சார் அது! படையல் போட்ட வடைய அங்க எடுத்தும்போயித்தான் துன்னுச்சு!"

"அமாவாசையா?" என்றது மேலே.

"ஆமா சார்! மத்த நாள்ல அவங்கப்பாவுக்குத் தறி இருக்குதுல்ல? அமாவாசன்னா ஊர்ல ஒரு தறியும் ஓடாது, ஒரு பட்டறையும் தொறக்காது. ஆளு சும்மா இருந்தாரு, இட்டுக்கினு போனாரு!"

அம்மா எனக்கு நற்சான்று கொடுத்துவிட்டுத் திருப்தியாக முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நெசவாளிகள். எனக்கு நாலு வருஷம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த பாடம் அவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். ஒவ்வொரு தறிக்கு மேலும் ஒரு பல்பு, ஒவ்வொரு சின்னப் பட்டறையிலும் ஒரு மோட்டார். அத்தனையும் அணைந்து கிடந்த ஒரே மாலையில் போய் ஊரின் பாரத்தை எடைபோட்டு வந்திருக்கிறேன். பெருமாள் கோயிலில் நடை சாத்தியபின் போய், கூட்டமே இல்லை, இன்னும் ஆயிரம் பேர் வரலாம் என்று சொன்ன மாதிரி.

இருட்டில் ஒரு குரல்: "ஏம்மா, கட மூடுன அன்னிக்கு யாவாரத்த எண்ணிட்டு வந்துக்கிறியே!"

சிரிப்பு ராட்டினத்தைத் தாண்டிப் போயிருக்கும். "வூட்டுல வேற பல்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சே" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சார்!" என்று கத்தினேன். "மில்லையும் பெரிய பட்டறையையும் கழட்டிட்டு லைனைப் போட்டா நிக்கும்! ஆனா இன்ஜினீயர் நேர்ல வந்து சொல்லாம முனுசாமி அண்ணன் கை வைக்கமாட்டாரு!"

"அப்ப போ! போய்ச் சொல்லு!"

இந்த இடத்தில் நான் குத்தலாகப் பேசியதாக ஊரில் சொல்கிறார்கள். இல்லை. உண்மையிலேயே எனக்குக் குழப்பம்.

"மணி ஏழாகப் போகுது சார்! தனியாவா?"

"விதியாவது மண்ணாங்கட்டியாவது! தனியாத்தான், போம்மா!"

அவர் மனைவியின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "அவரு சொல்றது இருக்கட்டும், நான் சொல்றேன். ஓடும்மா கண்ணு!"

அப்பாவின் சைக்கிளைப் புடவையோடு மிதிக்க முடியாது. குலுக்கல் பரிசுக்கென்று மேடையில் மாலை போட்டு ஒரு லேடீஸ் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். எடுத்தேன். "யம்மா, அது மொதப் பரிசு!" என்று செயலாளர் பின்னால் ஓடிவந்தார். "உங்க மயிலு எரியணுமா வேணாமா?" என்றேன். நின்றுவிட்டார். மாலையைக் கழற்ற நேரமில்லை. சாமந்தி மாலை போட்ட சைக்கிளில், வாசலில் வந்து நின்ற ஜனங்களுக்கு நடுவே, மணியடித்துக்கொண்டு ஊரைக் கடந்தேன்.

முனுசாமி அண்ணன் அரிக்கேன் விளக்கோடு மீட்டருக்குக் காவல் நின்றார். "இப்போ நெசமாவே படுத்துக்கிச்சு இன்ஜினீரம்மா."

மில்களையும் பெரிய பட்டறைகளையும் கழற்றினோம். முதலில் ஊருக்குப் போட்டோம். பொருட்காட்சிக்குக் கடைசியில். (கடைசியில் என்பதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. வீடுகள்தான் முதலில் என்பது உண்மையாகவே புத்தகத்தில் இருக்கும் விதி.) முள் எழுந்து, ஏறி, நான் முதலிலேயே எதிர்பார்த்த இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. அங்கேயே நின்று புதிதாகக் கழித்துப் பார்த்தேன். ராட்டினம் தாங்கும். மயில் நிச்சயமாகத் தாங்காது.

மறுநாள் காலை நாகராஜன் சார் கூப்பிட்டார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். "மெட்ராஸுக்கு எழுதலாம்னு இருக்கேன்."

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"ஒண்ணு, அமாவாசையை மறந்தது என் தப்பு சார். அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ரெண்டு, சாயங்காலம் துணையோடதான் போகணும்னு சொன்னது நீங்க. மூணு, என் துணைக்கு அமாவாசை மட்டும்தான் லீவு. அவரோட எப்பப் போய்ப் பாத்தாலும் என் கணக்குல இந்த ஊருக்குத் தினமும் அமாவாசையாத்தான் இருக்கும். நாலு, தனியாப் போன அன்னிக்குத்தான் சரியான எண்ணு கிடைச்சுது."

"நேத்து சொன்னது அவசரத்துக்கு."

"தெரியும் சார். ஆனா ஊர் முழுக்கக் கேட்டுச்சு."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஜன்னலைப் பார்க்க முயன்று, வலிக்கவே விட்டுவிட்டார். "வீட்ல அவளும் அதைத்தான் சொன்னா" என்றார். பிறகு, "உன்கிட்ட சைக்கிள் இருக்கா?" என்று கேட்டார்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்றும் வீட்டில் நான் எந்த எண்ணையும் நிம்மதியாகச் சொல்ல முடியாது. விருந்தாளிகளுக்குச் சோறு போதும் என்றால், அப்பா தறிக்குள்ளிருந்து, "எந்த நாளு எண்ணிப் பாத்தே?" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா காப்பி கொடுப்பதற்கு முன்பே ராட்டினக் கதையைச் சொல்லிவிட்டார். அவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும், "அப்போ இன்னிக்கு அமாவாச இல்லியே?" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி இப்போதைய நிலவரம் இது. நான் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறேன். மேஜை பீரோவுக்கு முன்னால் வந்துவிட்டது. மாலையில் சப்-ஸ்டேஷனுக்குத் தனியாகத்தான் போய்வருகிறேன். செயலாளர் வருஷாவருஷம் மயிலுக்கு அனுமதி கேட்கிறார். கொடுக்கவில்லை.